சொல்லாமல் தாங்குவதுதான் பொறுமையா?

தில்லியில் ஜனவரி மாதத்துக் குளிர் கடுமையானது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கோல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் மூடுபனி படர்ந்திருக்கும். ஊரே ரஜாய்க்குள் முடங்கிக் கிடக்கும் அந்த வேளையில், ஓர் அரசுக் குடியிருப்பின் பால்கனியில் ஒரு பெண்மணி மெல்லிய பருத்திப் புடவையுடன் நின்றுகொண்டிருப்பார். நெற்றியும் கழுத்தும் வியர்வையில் நனைந்திருக்கும். சில நிமிடங்களில் அந்த அனல் தணியும். உடல் நடுங்கத் தொடங்கும். உள்ளே சென்று போர்த்திக்கொள்வார். உறக்கம் வருமுன் மீண்டும் அனல் எழும். மீண்டும் பால்கனிக்கு வருவார்.

இது 2016-ஆம் ஆண்டு நடந்தது. அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. கணவர் மத்திய அரசு ஊழியர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவைச் சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு என்று எல்லாம் முறையாக முடிந்தன. தலைமுடி மீண்டும் வளர்ந்தது. உறவினர்கள் வந்து பார்த்து, "பிழைத்து வந்துவிட்டாய், பகவான் கிருபை" என்று மகிழ்ந்தார்கள். எஞ்சியது ஒரே ஒரு சிறிய மாத்திரை மட்டுமே. நாளொன்றுக்கு ஒன்று வீதம் ஐந்து ஆண்டுகள் அதை உட்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் அதற்கு மேலும் நீளலாம்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் குடியிருப்பில் பாராயணம் நடப்பதுண்டு. அதற்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தவர் சிறிது சிறிதாக வருவதைக் குறைத்துக்கொண்டார். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. காலையில் கைவிரல்கள் மடங்கவில்லை. கோல மாவு விரலிடுக்கில் நிற்கவில்லை. காபி டம்ளரை இரு கைகளாலும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. இவற்றை அவர் எவரிடமும் சொல்லவில்லை. பிழைத்து வந்தவர் குறை சொல்லலாமா என்ற கூச்சமே காரணம்.

ஒருநாள் பாராயணத்திற்குப் பின் ஒரு பெரியவர் பொறுமையைப் பற்றிப் பேசினார். நல்ல பேச்சு. உண்மையான சாதகன் தன் துன்பத்தை வாய்திறந்து சொல்வதில்லை என்று அவர் குறிப்பிட்டார். அந்த ஒரு வாக்கியம் இந்த அம்மையாரின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. சில வாரங்கள் சென்றபின் ஒரு பிற்பகலில் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, வலியை வெளியே சொன்னால் பொறுமை போய்விடுமா?" என்று கேட்டார்.

நான் பதில் யோசிப்பதற்குள் மேலும் ஒன்று சொன்னார். நான்கு மாதங்களாக அவர் அந்த மாத்திரையை விழுங்கவில்லை. வீட்டில் தெரியக்கூடாது என்பதற்காக மாதந்தோறும் தவறாமல் வாங்கி வந்து, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் பிரிக்காமலே அடுக்கி வைத்திருந்தார்.

அவருடைய கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. அவர் பொறுமையிழந்தவரா? அல்லது பொறுமையைத் தவறாகப் புரிந்துகொண்டதால் இந்த நிலைக்கு வந்தவரா? நம்மில் பலருக்கும் பயன்படும் கேள்வி என்பதால் இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

மாத்திரை செய்யும் வேலை

முதலில் இந்தச் சிகிச்சையின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். மார்பகப் புற்றுநோயில் பெரும் பகுதி, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோனின் துணையால் வளர்வது. கருப்பையின் அருகிலுள்ள சினைப்பைகளை நீக்கினால் சில பெண்களுக்கு மார்பகக் கட்டி சுருங்குகிறது என்பதை 1896-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் எடுத்துக் காட்டினார். அதன் காரணம் பிற்காலத்தில்தான் விளங்கியது. 1960-களில் இங்கிலாந்தில் கருத்தடைக்கென உருவாக்கப்பட்ட டாமாக்சிஃபென் என்ற மருந்து அதற்குப் பயன்படவில்லை, புற்றுநோய்க்குப் பயன்பட்டது. ஈஸ்ட்ரோஜன் சென்று சேரும் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மருந்துகள் பின்னர் வந்தவை. மாதவிலக்கு நின்ற பிறகும் உடலின் கொழுப்பு முதலிய திசுக்களில் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் உண்டாகிறது. அந்த உற்பத்தியையே இவை தடுக்கின்றன.

பயன் சிறிதன்று. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் டாமாக்சிஃபெனை ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டால், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியிட்டார்கள். சிலருக்குப் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொள்வது மேலும் நன்மை தருகிறது என்று 2012-ல் ஒரு பன்னாட்டு ஆய்வு தெரிவித்தது.

ஆனால் ஈஸ்ட்ரோஜன் நோயை மட்டும் வளர்க்கும் பொருளன்று. உடலின் வெப்பநிலையைச் சீராக வைப்பதிலும், எலும்பின் உறுதியிலும், மூட்டுகளின் இயக்கத்திலும், பிறப்புறுப்பின் ஈரத்தன்மையிலும், உறக்கத்திலும், மனநிலையிலும் அதற்குப் பங்குண்டு. அது திடீரென்று குறையும்போது இவை அனைத்தும் தடுமாறுகின்றன. பனிக்காலத்தில் வியர்ப்பதும், விரல் மடங்காததும், காரணமில்லாமல் கண் கலங்குவதும் அந்த அம்மையாரின் மனோபலக் குறைவால் வந்தவை அல்ல. மருந்து உடலுக்குள் தன் வேலையைச் செய்வதால் வந்தவை.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கீமோதெரபியின் துன்பம் பிறர் கண்ணுக்குத் தெரியும். உதிர்ந்த முடியைக் கண்டு ஊரே இரங்கும். இந்த மாத்திரையின் துன்பம் வெளியே தெரிவதில்லை. நோயாளி நோயற்றவரைப் போலத் தோற்றமளிக்கிறார். மருந்து தரும் வலி இன்றே, இந்த நிமிடமே தெரிகிறது. அது தரும் நன்மையோ வராமல் போன ஒரு நோயாகத்தான் இருக்கும். வராத ஒன்றை எவரும் கண்ணால் காண்பதில்லை. ஆகவே இதில் தளர்ச்சி ஏற்படுவது இயல்பு. அமெரிக்காவின் வட கலிபோர்னியாவில் 8,769 பெண்களின் மருந்து விவரங்களை ஆராய்ந்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியானது. நாலரை ஆண்டுகள் இம்மருந்துகளைக் குறித்தபடி முழுமையாக எடுத்துக்கொண்டவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர்தாம் என்று அதில் தெரியவந்தது. எங்கள் குடியிருப்பின் பூஜை அலமாரியில் இருந்த இரகசியம் உலகெங்கும் பல வீடுகளில் இருக்கிறது.

பொறுமையின் இலக்கணம்

பொறுமையை நம் நூல்கள் போற்றுகின்றன. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனுக்கு அதை உபதேசிக்கும்போது குளிரையும் வெப்பத்தையுமே எடுத்துக்காட்டுகளாகக் கூறுகிறார். விவேகசூடாமணி, திதிக்ஷை என்னும் பொறுமைக்கு இலக்கணம் வகுக்கும்போது மூன்று செய்திகளை அதில் அடக்குகிறது: துன்பத்தைத் தாங்குதல், அதற்குப் பரிகாரம் தேடாதிருத்தல், கவலையும் புலம்பலும் இன்றி இருத்தல்.

இந்த இரண்டாவது செய்திதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. பரிகாரம் தேடக்கூடாது என்றால் மருத்துவரிடம் செல்வதே பொறுமைக்கு இழுக்கு ஆகிவிடுமே! அந்த அம்மையார் கேள்விப்பட்டதும் இதன் எதிரொலிதான்.

ஆனால் அந்த இலக்கணம் யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதை மறக்கலாகாது. உலகப் பற்றுகளை விடுத்து ஆன்ம ஞானத்தை மட்டுமே நாடும் சாதகனுக்கு உரிய தகுதிகளுள் ஒன்றாக அது கூறப்படுகிறது. ஒவ்வொரு சிறு அசௌகரியத்தையும் நீக்கிக்கொள்வதிலேயே அவனுடைய நாள் கழிந்துவிடக்கூடாது என்பது அதன் உட்கருத்து. கண்ணனும் அர்ஜுனனைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லவில்லை. தன் கடமையைச் செய்வதற்காகவே பொறுத்துக்கொள்ளச் சொன்னார். பொறுமைக்கு ஒரு நோக்கம் உண்டு. நோக்கத்தைக் கைவிட்டுவிட்டுப் பொறுமையை மட்டும் காப்பாற்றுவதில் பொருளில்லை.

இந்த உரைகல்லில் அம்மையாரின் செயலை உரசிப் பார்ப்போம். அவர் எதற்காகப் பொறுத்தார்? நோய் திரும்பாமல் இருப்பதற்காக. மௌனமாகப் பொறுத்ததன் விளைவு என்ன? மாத்திரை நின்றுபோயிற்று. எந்த நோக்கத்திற்காகத் துன்பத்தைத் தாங்கினாரோ அந்த நோக்கத்தையே மௌனம் தோற்கடித்துவிட்டது. சொல்லியிருந்தால் பொறுமை குலைந்திருக்காது, சொல்லாததால்தான் குலைந்தது.

திருவண்ணாமலையில் பகவான் ரமணரின் வாழ்வின் கடைசி நாட்களை நினைத்துப் பாருங்கள். 1949-ஆம் ஆண்டு அவருடைய இடது கையில் தோன்றிய கட்டி புற்றுநோய் என்று அறியப்பட்டது. அதே ஆண்டில் நான்கு முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் உடலை நீத்தார். உடல் வலியைப் பொருட்படுத்தாதவர் என்று உலகம் போற்றும் அவர், மருத்துவர்களின் கையில் தம் கையை ஒப்படைத்தார். தாங்குவதும் சிகிச்சை பெறுவதும் ஒன்றுக்கொன்று பகை என்றால் இது எப்படி நிகழ்ந்திருக்கும்?

நோயாளியின் தர்மம்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என்பவை அவை. நோயுற்றவர் அந்த வரிசையின் முதலில் நிற்கிறார். மருத்துவத்திற்கு வெளியே நின்று அதைப் பெற்றுக்கொள்பவராக வள்ளுவர் அவரைக் கருதவில்லை. மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே கருதுகிறார்.

சரக சம்ஹிதையும் இதே நான்கைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு குணங்களை விதிக்கிறது. நோயாளிக்கு உரிய குணங்கள்: நினைவாற்றல், மருத்துவர் சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தன் நோயின் நிலையைத் தெளிவாக எடுத்துச் சொல்லும் திறன். கவனியுங்கள்: சொல்வதை நோயாளியின் பலவீனமாகச் சரகர் எண்ணவில்லை. அதைக் குணம் என்கிறார்; அஞ்சாமைக்கு அடுத்தபடியாக வைக்கிறார். சொல்வதற்கு அஞ்சாமை வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

அப்படியானால் புலம்பலுக்கும் சொல்லுதலுக்கும் வேறுபாடு என்ன? புலம்பல் கேட்பவர் யார் என்று பார்ப்பதில்லை, எதையும் எதிர்பார்ப்பதுமில்லை, துன்பத்தையே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. சொல்லுதலுக்கு இலக்கு உண்டு. யாரால் உதவ முடியுமோ அவரிடம், எது எப்போது எவ்வளவு என்று உள்ளது உள்ளபடி கூறுவது அது. முன்னது மனத்தை மேலும் கலக்கும். பின்னது மனத்தைத் தெளிவிக்கும். விவேகசூடாமணி விலக்கச் சொல்வது கவலையையும் புலம்பலையும்தான். உண்மையைச் சொல்வதை எந்த நூலும் விலக்கவில்லை.

கோல் மார்க்கெட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை நினைவூட்டும் சாட்சி ஒன்று அருகிலேயே இருக்கிறது. 1921-ல் கட்டப்பட்ட வட்ட வடிவச் சந்தைக் கட்டடத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி வரும். அது இந்தச் சந்தையைவிட மூத்தது. 1914-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1916-ல் திறக்கப்பட்டது. பெண்களை மருத்துவர்களாக்குவதற்கென்றே அது நிறுவப்பட்டது. ஆண் மருத்துவரிடம் தம் உடல் துன்பத்தைச் சொல்லக் கூசி, சொல்லாமலே எத்தனையோ பெண்கள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. அவர்கள் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்று ஒரு கல்லூரியே எழுந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின்னும், அதற்கு அண்மையில் வாழ்ந்த ஒரு பெண் சொல்லக் கூசி நின்றார். சுவரும் கூரையும் எழுப்பினால் மட்டும் கூச்சம் போய்விடுவதில்லை.

சொன்னால் என்ன கிடைக்கும்?

"சொல்லி என்ன ஆகப்போகிறது? மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று சிலர் நினைக்கலாம். அது சரியன்று. செய்யக்கூடியவை பல உள்ளன.

லெட்ரோசோல் போன்ற மருந்துகளால் வரும் மூட்டு வலிக்கு உடற்பயிற்சி நல்ல துணை. வாரத்திற்கு 150 நிமிட நடை முதலிய பயிற்சியும், இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியும் ஓராண்டு செய்த பெண்களுக்கு, மிகுந்திருந்த மூட்டு வலி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது என்று 2015-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. வலி தணிக்கும் மருந்துகளும் உண்டு. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் சில வாரங்கள் இடைவெளி விட்டு, அதே வகையில் வேறொன்றையோ டாமாக்சிஃபெனையோ மருத்துவர் தரலாம். எலும்பின் அடர்த்தியை ஸ்கேன் செய்து பார்த்து, கால்சியம், வைட்டமின் டி, தேவையெனில் எலும்பை வலுப்படுத்தும் மருந்து ஆகியவற்றைத் தருவார்கள். அனல் வீச்சுக்கு ஹார்மோன் கலவாத மாத்திரைகள் இருக்கின்றன. பிறப்புறுப்பு வறட்சிக்கும் அதனால் இல்லறத்தில் நேரும் இடர்ப்பாட்டுக்கும் ஹார்மோன் கலவாத களிம்புகள் உள்ளன. இதைப் பற்றிப் பேசக் கூசுவோர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

சிலவற்றைச் சொல்லத் தாமதிக்கவே கூடாது. டாமாக்சிஃபென் எடுப்பவருக்கு மாதவிலக்கு நின்ற பின் இரத்தப்போக்கு ஏற்பட்டால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவை அரிதாக வருபவை, ஆனால் ஆபத்தானவை. மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகளில் சில, டாமாக்சிஃபென் உடலில் வேலை செய்வதைக் குறைத்துவிடக்கூடும். ஆகவே எந்த மருத்துவரிடம் சென்றாலும், நாட்டு மருந்தே ஆனாலும், எடுத்துக்கொள்வதை எல்லாம் கூறிவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் செய்த பின்னும், "இந்த மருந்து எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் முடிவு செய்யலாம். நோயின் தன்மையைப் பொறுத்து மருந்தால் கிடைக்கும் நன்மை ஒருவருக்கு அதிகமாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் இருக்கும். தமக்குக் கிடைக்கும் நன்மை எவ்வளவு, தாம் படும் துன்பம் எவ்வளவு என்று மருத்துவருடன் அமர்ந்து எடைபோட்டு எடுக்கும் முடிவில் குற்றமில்லை. எடைபோடாமல், எவருக்கும் தெரியாமல், அச்சத்திலும் கூச்சத்திலும் நிறுத்துவதுதான் வருந்தத்தக்கது.

எஞ்சியதைத் தாங்குதல்

இவ்வளவு சொன்னதால் பொறுமைக்கே இடமில்லை என்று கருத வேண்டாம். பரிகாரங்கள் எல்லாம் செய்த பின்னும் ஓரளவு துன்பம் மிஞ்சத்தான் செய்யும். காலையில் விரல்கள் சற்று நேரம் மடங்காமலே இருக்கும். இரவில் ஒருமுறையாவது அனல் எழும். நீக்கக்கூடியதை நீக்கிய பின் எஞ்சும் இந்தப் பங்குதான் திதிக்ஷைக்கு உரிய நிலம். நீக்கக்கூடியதையும் சேர்த்துச் சுமப்பவர் விரைவில் தளர்ந்து எல்லாவற்றையும் கீழே போட்டுவிடுவார். எஞ்சியதை மட்டும் சுமப்பவர் நெடுந்தூரம் நடப்பார். ஐந்து ஆண்டுகள் என்பது நெடுந்தூரம்தான்.

அருகிருப்போருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. வள்ளுவர் கூறிய நான்காவது கூறு நாம்தாம். "உனக்குத்தான் குணமாகிவிட்டதே" என்று நாம் ஆறுதலாகச் சொல்கிறோம். அந்தச் சொல்லே அவருடைய வாயை அடைத்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, "ராத்திரி தூங்கினாயா? கை எப்படி இருக்கிறது?" என்று கேட்கலாம். பாராயணத்திற்கு வருபவருக்கு ஒரு நாற்காலியை நாமே எடுத்துப் போடலாம். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். பொறுமையைப் பற்றி மேடையில் பேசுவோரும், கேட்பவர்களுள் இப்படி ஒருவர் இருக்கக்கூடும் என்பதை மனத்தில் கொண்டு பேசுவது நல்லது.

அன்று அவருடைய கேள்விக்கு இவ்வளவு விரிவாக நான் விடை சொல்லவில்லை. "என்னிடம் சொன்னதை டாக்டரிடமும் சொல், நானும் கூட வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன். முதலில் கணவரிடம் சொன்னார். அவர் அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அடுத்த வாரம் மூவருமாக மருத்துவமனைக்குச் சென்றோம். நான்கு மாதங்கள் நிறுத்தியிருந்ததைக் கேட்ட மருத்துவர் அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. எப்போது வலிக்கிறது, எத்தனை முறை வியர்க்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், நடக்கச் சொன்னார்.

அதன்பின் மாலை வேளைகளில் அவரும் கணவரும் தால்கடோரா தோட்டத்தில் நடப்பதைப் பார்ப்போம். வலி முழுவதும் போய்விடவில்லை. ஆனாலும் 2019-ல் தம் சிகிச்சைக் காலத்தை நிறைவு செய்தார். அந்த வெள்ளிக்கிழமை பாராயணத்திற்கு வந்து, எல்லோரும் தரையில் அமர்ந்திருக்க, ஓரமாகப் போட்டிருந்த நாற்காலியில் தயக்கமின்றி உட்கார்ந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "அக்கா, இன்றைக்கு முட்டி கொஞ்சம் வலிக்கிறது" என்றார். புலம்பலாக அது என் காதில் விழவில்லை. கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன். இருவரும் மெல்லப் படியிறங்கினோம்.